டீசல் குடித்த டயர்கள்

நேற்று ஒருவருடைய சட்டையைப் பிடித்துவிட்டேன். இந்த வயதில், பல்லடம் ரோட்டுப் பெட்ரோல் பங்கில், பட்டப்பகலில். மேல் பட்டன் தெறித்து டீசல் ஈரத்தில் விழுந்தது. சட்டைக்குச் சொந்தக்காரர் என்னைவிட மூத்தவர், சர்க்கரை வியாதிக்காரர், ஒரு காலத்தில் என்னோடு ஒரே மேஜையில் பனியன் மடித்தவர். பக்கத்தில் நின்ற பையன்கள் செல்போனைத் தூக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சொன்னால், "பிரஷர் மாத்திரை போட்டீங்களா இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டாள் என் மனைவி.

எல்லாம் அங்கே வந்து நின்ற ஒரு ஜீப்பால் வந்த வினை. ஆள் உயரத்துக்குத் தூக்கி வைத்த பாடி, அதற்குக் கீழே பூதாகாரமாக நான்கு டயர். ஓட்டி வந்த பையனிடம் சும்மா இருக்காமல், "மைலேஜ் எவ்வளவு கண்ணு தருது?" என்றேன். "மைலேஜ் பாக்கறவங்களுக்கெல்லாம் இது ஆவாதுங்க" என்று சிரித்தான். சிரிக்கட்டும். டீசல் வாசம் வந்தால் எனக்கு அந்தோணியின் வாய்தான் ஞாபகம் வரும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான வருடங்கள் அவை. ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் பேக்கிங் சூப்பர்வைசர். சூப்பர்வைசர் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பெட்டியும் தூக்க வேண்டும், திட்டும் வாங்க வேண்டும். கம்பெனியைப் பார்த்துக்கொண்டது முதலாளியின் தம்பி. சின்னவர் என்போம். மூலனூர்ப் பக்கம் முருங்கைத் தோட்டம் உள்ள குடும்பம். கோபம் வந்தால் மனிதருக்குக் கை முதலில் போகும், வாய் பிறகுதான் போகும். கை ஓய்ந்த பின் அதே மனிதர் டீ வாங்கிக் கொடுப்பார்.

அந்தோணி எங்கள் டிரைவர். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். துணி ரோலை வீரபாண்டி சாயப்பட்டறைக்குக் கொண்டு போய்ச் சாயம் போட்டுத் திரும்பக் கொண்டு வருவது அவன் வேலை. பட்டறைக்குப் போகும் சந்தில் எந்நேரமும் சாயத்தண்ணி நிற்கும். இன்று சிவப்பு, நாளை ஊதா, என்ன ஆர்டரோ அந்த நிறம். ஒரு மழையில் அந்தத் தண்ணி எங்கள் பிக்கப் வண்டியின் தொட்டிக்குள் ஏறி வெள்ளைத் துணியெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது. அன்று சின்னவர் சந்தில் நின்று தண்ணியையே உதைத்தார். பேண்ட்டும் ரோஸ் ஆனது. நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தோம்.

அடுத்த வாரமே வண்டியை உயரமாகத் தூக்கிவிட்டார். ஸ்பிரிங் பட்டைக்கு மேல் பட்டை வைத்து, டயரைப் பெரிதாக மாட்டி, ஏணி இல்லாமல் ஏற முடியாத உயரத்தில் கொண்டு வந்து நிறுத்தினார். துணி அதற்கப்புறம் நனையவே இல்லை, அதைச் சொல்ல வேண்டும். ஆனால் மைலேஜ் விழுந்தது.

எங்கள் ஊரில் அந்நாளில் மைலேஜ்தான் டிரைவரின் யோக்கியதை. டேங்கை நிரப்பி, மீட்டர் பார்த்து, மறுபடி நிரப்பிக் கணக்குப் போடுவார்கள். குறைந்தால் திருட்டு. டியூபை வாயில் வைத்து உறிஞ்சி டீசலைக் கேனில் விடுகிற டிரைவர்கள் நிஜமாகவே இருந்தார்கள். அதனால் சாயங்காலம் கேட்டில் வாட்ச்மேன் டிரைவர்களை "ஊது" என்பான். மற்ற ஊரில் சாராயத்துக்கு ஊதச் சொல்வார்கள், எங்கள் கம்பெனியில் டீசலுக்கு.

ஒரு நாள் சாயங்காலம் அந்தோணி ஊதினான். குப்பென்று டீசல்.

"ஏர் லாக் ஆயிட்டு மொதலாளி, அதான் பைப்புல வாய வச்சு இழுத்தேன். மாதா சத்தியமா எடுக்கல" என்றான் சின்னவரிடம். டீசல் வண்டியில் அது சகஜம்தான். பைப்பில் காற்றுப் புகுந்தால் எல்லா டிரைவரும் வாயைத்தான் வைப்பார்கள். சின்னவருக்கும் தெரியும். ஆனால் பல நாளாக விழுந்துகொண்டே இருந்த மைலேஜ் அவர் கண்ணை மறைத்துவிட்டது.

டீ நேரம். கேட்டில் டெய்லர், செக்கிங் பெண்கள் எல்லோரும் நின்றார்கள். சின்னவர் விட்ட முதல் அறையிலேயே அந்தோணி சுவரில் மோதினான். எழுந்தவனை வயிற்றில் உதைத்தார். பிறகு டீசல் ஊற்றுகிற தகரப் புனலை எடுத்தார். "குடிக்கறதுக்குத்தானே ஆசை? வாயத் தொறடா!" அவன் திறக்கவில்லை. புனலின் மூக்கைப் பல்லில் வைத்துக் குத்தினார். முன்பல் இரண்டு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. கேனைச் சாய்த்தார். ரத்தமும் டீசலுமாக அவன் கக்கினான். செக்கிங் பெண் ஒருத்தி வீறிட்டாள்.

நான் குறுக்கே பாய்ந்தேன். பெரிய வீரன் என்று எண்ணிவிடாதீர்கள், அன்றைக்கு என்னை ஊதினால் பறந்துவிடுவேன். சின்னவர் பார்க்காமலே வீசிய ஜாக்கி ராடு என் புருவத்தைக் கிழித்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "திருட்டு நாயி, இந்தப் பக்கம் கால வெச்சீன்னா கொன்னுபோடுவேன்" என்று சின்னவர் அவனை வெளியே தள்ளிக் கேட்டைச் சாத்தினார். அந்தோணி வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எடுக்கலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போயிருதேன்" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். யாரும் சொல்லவில்லை.

அதன் பிறகு சின்னவரே வண்டியை ஓட்டினார். டேங்குக்குப் பூட்டு, சாவி அரைஞாண் கயிற்றில். என் புருவத்தில் தையல் போட வைத்ததற்குப் பரிகாரமாக என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அப்போதும் மைலேஜ் விழுந்தது! இப்போது திருடன் யார்? பங்க்காரன்தான். நேரே போய், "அளவு கொறச்சா அடிக்கற?" என்று பம்ப் போடுகிறவனின் கழுத்தைப் பிடித்தார். பங்க்கில் ஆள் பலம் அதிகம். ரப்பர் ஹோஸால் விளாசிவிட்டார்கள். வண்டிக்குள் பேசாமல் இருந்த என்னையும் இழுத்துப் போட்டு ரெண்டு வைத்தார்கள். தையல் பிரிந்தது.

வீங்கின முகத்தோடு வீட்டுக்குப் போக வெட்கப்பட்டு, வண்டியை மூலனூர்த் தோட்டத்துக்கு விட்டார். வழியெல்லாம் வண்டி முக்கியது. முன்பு டாப் கியரில் பறந்த மேட்டிலெல்லாம் கியரை இறக்கி மிதிக்க வேண்டியிருந்தது. தோட்டத்துக் கேட்டில் நிறுத்தி மீட்டரைப் பார்த்தார். சின்ன வயதிலிருந்து அவர் போய் வருகிற தூரம், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். மீட்டர் அதைவிடக் குறைவாகக் காட்டியது.

"ஏண்டா, நம்ம தோட்டம் பக்கத்துல நவுந்து வந்துருச்சா?" என்றார்.

இறங்கி டயரைப் பார்த்தார். டயர் பெரிதானால் அதே தூரத்துக்குச் சுற்று குறையும், மீட்டர் சுற்றைத்தானே எண்ணுகிறது? ஓடின தூரத்தில் ஒரு பங்கை மீட்டர் விழுங்கிவிட்டது. மிச்சக் குறை நிஜமான குறை. கனமான டயரை இழுக்க எஞ்சின் கூடுதலாகக் குடித்தது. இரண்டையும் சேர்த்து ஒரு மனுஷன் வாயில் ஊற்றியிருந்தோம்.

சின்னவர் கடப்பாரையை எடுத்து டயரில் ஓங்கிப் போட்டார். அது எகிறி வந்து அவர் முழங்காலிலேயே அடித்தது. மண்ணில் உட்கார்ந்து அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

மறுநாளே ராயபுரம் லைன் வீட்டில் அந்தோணியைப் பார்க்கப் போனோம். "தப்பு எம்மேலதானுங்க, வேலைக்கு வந்துருங்க" என்றார் சின்னவர். அத்தனை நாள் 'டா' போட்டவர்! அந்தோணி வாயைத் துண்டால் மூடியபடி, "வேல கெடக்கட்டும். எங்க வச்சு திருடன்னு சொன்னியளோ, அங்க வச்சு இல்லன்னு சொல்லுங்க" என்றான்.

அதே கேட், அதே டீ நேரம், அதே கூட்டம். சின்னவர் நின்றார். தொண்டையைச் செருமினார். கூட்டத்தைப் பார்த்ததும் கௌரவம் குறுக்கே வந்துவிட்டது. "டீசல் விசயத்துல ஏதோ சின்னதா... பாத்துக்கலாமுங்க, எல்லாம் வேலையப் பாருங்க" என்றார்.

அந்தோணி விட்டான் ஒரு குத்து. அவர் உதடு கிழிந்து, பல் ஒன்று தெறித்தது. கட்டிங் ஆட்கள் கத்தரியோடு பாய்ந்தார்கள். சின்னவர் கையை உயர்த்தினார். "உடுங்கடா! அவன் திருடல, திருடல!" ரத்தம் கொப்பளிக்கச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கும் அந்தோணிக்கும் கேட்டது. கூச்சலில் மற்றவர்களுக்குக் கேட்டதா என்று தெரியாது. அந்தோணி என்னைப் பார்த்து, "கேட்டியளா அண்ணாச்சி? சொல்லிட்டாரு" என்றான். அன்றைக்கே ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான்.

வண்டியின் பின் அச்சில் டயரைச் சுற்றுகிற பல்சக்கரங்களை, கிரவுன், பினியன் என்பார்கள், பெரிய டயருக்குத் தகுந்தபடி மாற்றினார்கள். இழுவை திரும்ப வந்தது, மீட்டரும் நிஜத்தைக் காட்ட ஆரம்பித்தது, மைலேஜும் பெரும்பாலும் ஏறிவிட்டது. கொஞ்ச நாளில் அதை விற்றும்விட்டார்கள்.

இப்போது கம்பெனி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். வீரபாண்டிச் சந்து சிமெண்ட் ரோடு, சாயத்தண்ணி இல்லை. சின்னவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தோணி எங்கே என்று தெரியவில்லை, விசாரித்துப் பார்த்தும் தெரியவில்லை.

நேற்று அந்த ஜீப்பைப் பார்த்துவிட்டு என் பழைய சிநேகிதர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நம்ம கம்பெனி வண்டியாட்டவே இருக்குதுங்க. டீசலும் திருடிப்போட்டு மொதலாளி பல்லையும் ஒடச்சுப்போட்டு ஓடுனானே ஒருத்தன், ஞாபகம் இருக்குதுங்களா?"

அவரும் அன்று கேட்டில் நின்றவர்தான். அடி விழுந்ததெல்லாம் பார்த்திருக்கிறார். சட்டையைப் பிடித்து உலுக்கி, "திருடலய்யா! அவன் திருடல!" என்று கத்தினேன். அவர் மூச்சு வாங்க, "செரி, உடுங்க. இப்ப அதனால யாருக்கென்ன?" என்றார்.

சின்னவர் சொன்னதைக் காதால் கேட்ட ஆள் இந்த ஊரில் இனி நான் ஒருத்தன்தான். கையை எடுத்துவிட்டேன். குனிந்து பட்டனைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வேட்டியில் துடைத்துவிட்டு, டீசல் வாசம் போய்விட்டதா என்று முகர்ந்து பார்த்தார்.