கபீர் பாயின் பால்மாவு டின்

மலைக்காட்டில் ஒரு பால்மாவு டின்னை ஒளித்து வைத்துவிட்டு, அது இருக்கிற இடத்தை உலகத்துக்கே அறிவித்த ஆள் எனக்குத் தெரிந்து தென்காசியில் அகமது கபீர் ஒருவர்தான். அந்த டின்னைத் தேடி அவரோடு ஒரு நாள் ஏறி இறங்கியதில் என் இடது கால் பெருவிரல் நகம் போய்விட்டது. அது இன்னும் முளைக்கவில்லை. அதனால் நான் சொல்வதில் அங்கங்கே எரிச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் மணிமுத்து. இலத்தூர்க்காரன், லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் கபீர் பாய் மஸ்கட்டை முழுசாக முடித்துக்கொண்டு வந்தபோது அவருடைய பெட்டிகளை வீட்டில் கொண்டுபோய் இறக்கியது நான்தான். ஒரு தடவை சவாரி வந்தவர் அதோடு போகாமல் என் கழுத்தில் விழுந்துவிட்டார்.

தறிக்காரர் வீட்டுப் பிள்ளை அவர். இருபத்து நான்கு வயதில் மஸ்கட்டுக்குப் போய் ஒரு சர்வே கம்பெனியில் ஹெல்ப்பராகச் சேர்ந்தார். சர்வேயர் நிழலில் கருவியை வைத்துக்கொண்டு பார்ப்பார். எதிரே முந்நூறு அடி தள்ளி, வெயிலில், அளவுக் குச்சியை ஆடாமல் பிடித்துக்கொண்டு நிற்பது கபீர் பாயின் வேலை. இருபத்தாறு வருடம் அப்படி நின்றிருக்கிறார். திரும்பி வரும்போது இரண்டு முட்டியும் வீங்கியிருந்தன. டாக்டர் மாடிப்படி கூட ஏற வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

அந்தக் கம்பெனியில் ஒரு நெதர்லாந்து இன்ஜினியர் இருந்திருக்கிறார். அவர்தான் பாய்க்கு இந்தக் கிறுக்கைப் பிடிக்க வைத்தவர். ஜியோகேஷிங் என்று பெயர். ஒருவன் யாரும் எளிதில் போகாத இடத்தில் ஒரு பெட்டியை ஒளித்து வைப்பான். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவான். மற்றவர்கள் ஜிபிஎஸ்ஸைப் பார்த்து நடந்துபோய் அதைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பெட்டியை இருந்தபடியே ஒளித்து வைத்துவிட்டு வர வேண்டும். பிறகு இணையத்தில் ‘கண்டேன்’ என்று பதிவு போடலாம். அவ்வளவுதான். “இதுக்கு என்ன கெடைக்கும் பாய்?” என்று நான் கேட்டேன். “ஒண்ணும் கெடைக்காது” என்று பெருமையாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை லீவில் அந்த ஊர் மொட்டை மலைகளில் பாய் பெட்டி தேடி அலைவார். கூடவே, அறையில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் முகம்மது சலீமையும் எழுப்பி இழுத்துக்கொண்டு போவார். சலீமும் தென்காசிதான். பாயைவிடப் பத்து வயது இளையவர். “வாரத்துல ஒரு நாளாவது தூங்க விடும்வே” என்று திட்டிக்கொண்டே பின்னால் வருவாராம். நடப்பதென்றாலே ஆகாதாம் அவருக்கு.

2017இல் லீவுக்கு வந்தபோது கபீர் பாய் நம்ம ஊருக்கும் ஒரு பெட்டி வேண்டும் என்று கிளம்பினார். குற்றாலத்துக்கு மேலே ஒரு கிராம்பு எஸ்டேட் இருக்கிறது. அதன் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, எஸ்டேட் எல்லை முடியும் இடம் வரை ஏழு கிலோமீட்டர் ஏறி, ஒரு பாறை இடுக்கில் பால்மாவு டின்னை வைத்தார். பெட்டியில் வருகிறவர்களுக்காகச் சின்னப் பரிசுகள் போடுவது வழக்கம். மற்ற நாட்டுக்காரர்கள் பொம்மை, பொத்தான் என்று போடுவார்களாம். நம்ம ஆள் வளைகுடாவிலிருந்து வந்தவர் இல்லையா? கோடாலித் தைலம், சென்ட், வாசனை சோப்பு, நகவெட்டி என்று வீடு வீடாகக் கொடுத்தது போக மிச்சம் இருந்ததையெல்லாம் அதில் அடைத்து வைத்தார்.

இந்த விளையாட்டில் பாய் வைத்தது சட்டம். நோட்டில் கையெழுத்து இல்லாமல் இணையத்தில் ‘கண்டேன்’ என்று போட்டால், பெட்டிக்காரர் அந்தப் பதிவை அழித்துவிடலாம். ஒரு கல்லூரிக்காரன் அப்படிப் போட்டு மாட்டிக்கொண்டான். மழை, பேனா எழுதவில்லை என்றெல்லாம் கெஞ்சியிருக்கிறான். பாய் அழித்துவிட்டார். “பொய் சொல்லி ஜெயிக்கதுக்கு இதுல என்னலே இருக்கு?” என்று என்னிடம் கோபப்பட்டார், ஏதோ நான் செய்தது போல.

அழித்தது போக, ஏழு வருடத்தில் ஐந்தே பேர்தான் இணையத்தில் கண்டதாகப் பதிவு போட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் சலீம். 2019 ஆடியில் ஒரு மாத லீவில் ஊருக்கு வந்தவர், “கபீரு பெட்டியைப் பார்க்கப் போறேன்” என்று வீட்டில் சொல்லிவிட்டு, பையும் கம்புமாகக் காலையில் கிளம்பியிருக்கிறார். அன்று சாயங்காலம் பதிவு வந்துவிட்டது. ‘கண்டேன் கபீரு. இந்த ஒரு நாளை சாகும்வரை மறக்க மாட்டேன். நன்றி.’ கூடவே சேறு அப்பிய இரண்டு ஷூக்களின் படம். மஸ்கட் வெயிலில் குச்சியைப் பிடித்துக்கொண்டு அதைப் படித்ததாகவும், கண்ணில் தண்ணீர் வந்ததாகவும் பாய் சொல்வார். நடக்கவே பிடிக்காதவன் தனக்காக மலையேறியிருக்கிறானே என்று.

இரண்டு வருடம் கழித்து சலீம் மஸ்கட்டிலேயே நெஞ்சு வலியில் இறந்துபோனார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். மனைவி நூருன்னிசா முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

போன வருடம் ஐப்பசியில் பாய்க்கு அந்த விளையாட்டின் இணையதளத்திலிருந்து ஒரு மெயில் வந்தது. இரண்டு பேர் தேடிப் போய் டின் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். முப்பது நாளுக்குள் போய்ப் பார்த்துப் பதில் சொல்லாவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்று அதில் இருந்தது. எடுத்தால் எடுத்துவிட்டுப் போகட்டும் என்று நான் சொன்னேன். “சலீம் கையெழுத்து அதுல கெடக்குலே. அவன் நம்ம ஊர் மண்ணுல விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான்” என்றார் பாய்.

நேரே சலீம் வீட்டுக்குப் போய்விட்டார். வண்டியோட்டி நான்தான். அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம், நூருன்னிசாவின் மாமியார் என்று ஆள் நிறைந்த வீடு. பாய் கூடத்தில் உட்கார்ந்து, கையெழுத்தை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். மாமியார் அழுதுவிட்டார். நூருன்னிசா மட்டும் கதவோரம் நின்றபடி, “வேண்டாம் அண்ணே. ஒங்க காலு இருக்க நெலைமைல எதுக்கு?” என்றார். கிளம்பும்போது வாசல்வரை வந்து மறுபடியும், “சொன்னா கேளுங்கண்ணே, அது அங்கனயே கெடக்கட்டும்” என்றார். எவ்வளவு நல்ல மனசு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

விடியும்போதே எஸ்டேட் கேட்டில் இருந்தோம். முதல் இரண்டு கிலோமீட்டர் ஜீப் தடம். அதற்கு மேல் ஒற்றையடி. மழை விட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கால் வைத்த இடமெல்லாம் வழுக்கியது. அட்டைக்கு உப்பும் புகையிலையும் கட்டிய துணி கொண்டுபோயிருந்தோம், அதையும் மீறி ஏறின. பாய் பத்தடி நடப்பார், மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மறுபடியும் பத்தடி. முட்டியில் கட்டிய பட்டை நனைந்து கீழே நழுவும். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று நின்றபடியே தண்ணீர் குடித்தார். “திரும்பிருவோமா பாய்?” என்று நான் கேட்டது எத்தனை தடவை என்று எனக்கே கணக்கில்லை. ஐந்தாவது கிலோமீட்டருக்கு மேல் அவர் பதில் சொல்வதையும் நிறுத்திவிட்டார். எனக்கும் கேட்கத் தெம்பில்லை.

பதினொன்றரைக்கு இடத்துக்கு வந்தோம். அடர்ந்த மரங்களுக்குக் கீழே ஜிபிஎஸ் தள்ளாடியது. இங்கே என்றது, பதினைந்து அடி தள்ளி அங்கே என்றது. பாய் அதைப் பையில் போட்டுவிட்டு நேராக ஒரு பாறை இடுக்கில் கையை விட்டார். காலியாக இருந்தது.

ஒரு மணி நேரம் தேடினோம். கடைசியில் சரிவில், ஈத்தல் மூங்கில் புதருக்கு அடியில் நான்தான் பார்த்தேன். டின் நசுங்கி, மூடி பிய்ந்து, மேலெல்லாம் பல் பட்ட ஓட்டைகள். கரடியோ பன்றியோ, வாசனை சோப்பை மோப்பம் பிடித்து வந்து தோண்டி எடுத்திருக்கிறது. சோப்பு முழுக்கக் காலி. கோடாலித் தைலத்தைக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பியிருக்கும் போல, சீசா உடைந்து கிடந்தது. “காட்டுல போயி செண்டும் சோப்பும் வச்சேரே, நீரெல்லாம் ஒரு ஆளு!” என்று கத்தினேன். பாய் கேட்கவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் நோட்டு நனையாமல் இருந்தது. அதைத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பிரிக்காமலேயே இருந்தார்.

பிறகு பிரித்தார். முதல் பக்கத்தில் பெங்களூர்ப் பையன்கள் இருவர். அடுத்து ஒரு ஜெர்மன்காரர். அடுத்து மதுரையிலிருந்து ஒரு பெண். தேதியோடு நான்கு கையெழுத்துகள். அப்புறம் வெறும் தாள். பாய் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். பின்னட்டையைப் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து விரல் வைத்து எண்ணினார். நாலுதான் இருந்தது.

“ஏறலைலே மணி” என்றார். “அவன் ஏறவே இல்ல.”

அந்த மனிதர் அன்று காலையிலிருந்து முதல் தடவையாகத் தரையில் உட்கார்ந்தார். சாய்ந்துகூட உட்காரவில்லை. சாக்கு மூட்டையை இறக்கினாற்போல விழுந்தார். நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினேன். “பதினோரு வருஷம் கம்பெனி ரிஜிஸ்டர்ல தெனமும் அவரு பேருக்கு மேலதான கையெழுத்துப் போட்டீரு, அவரு கையெழுத்து ஒமக்குத் தெரியாதா? நீரே போட்டிரும். அந்த வீட்ல ஆருக்குத் தெரியப்போவுது?”

பேனாவை வாங்கினார். மூடியைத் திறந்தார். தேதிப்படி சலீம் வர வேண்டிய இடத்தில், மூன்றாவது கையெழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது, அதில் நுனியைக் கொண்டுபோய் வைத்தார். வைத்தபடியே இருந்தார். ஒரு புள்ளி மட்டும் விழுந்தது. பிறகு பேனாவை மூடி என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். என் நகம் போனது இறங்கும்போதுதான்.

சலீம் வீட்டுத் தெருவுக்கு வரும்போது மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாயால் வண்டியை விட்டு இறங்க முடியவில்லை. முட்டி இரண்டும் பூசணிக்காயாக வீங்கிவிட்டன. நான் ஆரன் அடித்தேன். ஆண்களெல்லாம் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். நூருன்னிசா ஒரு செம்புத் தண்ணீரோடு தனியாக வந்து பாயிடம் கொடுத்தார்.

பாய் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, “எம்மா…” என்று ஆரம்பித்தார். மேலே வரவில்லை.

“அவங்க பேரு இருக்காது அண்ணே. எனக்குத் தெரியும்” என்றார் அந்தம்மா.

நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன். எழுந்து போகலாமா என்று யோசித்தேன், கால் வரவில்லை.

“அன்னைக்கு அவங்க மலைக்குப் போவல. எங்கூட இருந்தாங்க” என்றார். “வருசத்துக்கு ஒரு மாசம் வருவாங்க. வந்த நாள்லேருந்து வீடு நெறைய ஆளு. விருந்து, கல்யாணம், மய்யித்து வீடுன்னு ஓடிரும். ரெண்டு பேரும் வெளிய போறோம்னு சொன்னா, பின்னாலயே பத்துப் பேரு கெளம்பிருவாங்க. அதான் ஒங்க பெட்டியச் சாக்கா வச்சு, மலைக்குப் போறேன், வர ஆறு மணி ஆவும்னு சொல்லிட்டு அவங்க போனாங்க. நா வீரகேரளம்புதூர்ல அக்கா வீட்டுக்குப் போறேன்னு கெளம்புனேன். செங்கோட்டைல வச்சு ரெண்டு பேரும் புனலூர் பஸ் ஏறுனோம்.”

“புனலூர்ல என்ன?” என்று பாய் கேட்டார்.

“ஒண்ணும் இல்ல. தொங்குபாலம் இருக்குல்லா, அங்கன ஆத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். புட்டும் கடலையும் தின்னோம். அவங்க பேசிக்கிட்டே இருந்தாங்க. திரும்பி வரும்போது செங்கோட்டைல ஒரு வாய்க்கால்ல எறங்கி ஷூல சேற அப்பி, படம் எடுத்து ஒங்களுக்கு அனுப்புனாங்க.” சிரித்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். “கபீருக்குப் பொய் சொல்லுதேனேன்னு பஸ்ஸெல்லாம் பொலம்பிக்கிட்டே வந்தாங்கண்ணே.”

“எனக்காகத்தான் ஏறுனான்னு அஞ்சு வருசமா நெனைச்சுக்கிட்டு இருந்தேம்மா” என்றார் பாய். அழுதார். மறைக்கவெல்லாம் இல்லை.

“பதினாலு வருசக் கல்யாணத்துல, நாங்க ரெண்டு பேரு மட்டும் இருந்த பகல் அது ஒண்ணுதான். ஒங்க பெட்டி இல்லேன்னா அதுவும் இல்ல.”

உள்ளேயிருந்து மாமியார், “கெடச்சுதாம்மா?” என்று கேட்டார்.

“நோட்டு நனைஞ்சு போச்சாம் மாமி, ஒண்ணும் தெரியலையாம்” என்று அந்தம்மா திரும்பிச் சொன்னார். பிறகு செம்பை வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தெருமுனை தாண்டியதும் பாய் வண்டியை நிறுத்தச் சொன்னார். போனை என்னிடம் நீட்டினார். “நா சொல்லுதேன், நீ அடி” என்றார்.

அடித்தேன். ‘பெட்டி உடைந்துவிட்டது. என் காலுக்கு இனி மலை ஆகாது. பட்டியலிலிருந்து எடுத்துவிடவும். நோட்டைச் சரிபார்த்தேன். பதிவு போட்டவர்களின் கையெழுத்து…’

நிறுத்தினார்.

“அஞ்சும் சரியா இருக்கு” என்றார்.

“நாலுல்லா பாய்?”

“அஞ்சுன்னு அடிலே.”

அடித்தேன்.