சாமி மேடையில் பேக்கப் பெட்டி

என் முதலாளி தர்மராஜைப் பற்றிச் சிரம்பானில் யாரைக் கேட்டாலும் "தோட்டத்துப் பிள்ளை, கம்ப்யூட்டரில் பெரிய ஆள்" என்பார்கள். பெரிய ஆளாம்! பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் கூலிகளை மேய்க்கும் மண்டோருக்கு மகனாகப் பிறந்து, டாப்-அப் கார்டு விற்று, இன்று அம்பாங்கானில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிறார். வாடிக்கையாளர்களின் தொலைபேசிக்குப் பதில் சொல்பவள் நான், குமுதவல்லி. ஆறு வருடமாகத் தினமும் அந்த முகத்தில் விழிக்கிறேன், என் தலையெழுத்து.

எங்கள் தொழில் வெப் ஹோஸ்டிங். இணையத்தளம் வைத்திருப்பவர்களுக்கு, அது இருக்க இடம் வாடகைக்கு விடுவது. இடம் ஒன்றும் இவருடையது இல்லை. எங்கோ வெளிநாட்டில் ஒரே ஒரு சர்வரை மாத வாடகைக்கு எடுத்து, அறுநூறு பேருக்குக் கூறு போட்டிருக்கிறார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! எல்லோருக்கும் "அளவில்லாத இடம்" என்று விளம்பரம் வேறு. வருடம் தவறாமல் விலையை ஏற்றுவார். யாரும் விட்டுப் போகமாட்டார்கள். தளத்தை எப்படி வேறு இடத்துக்கு மாற்றுவது என்று அவர்களுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் மனுஷனுக்கு இரண்டு கார்.

அவர் செய்த ஒரே உருப்படியான காரியம், எல்லாத் தளங்களையும் தினம் ஒரு நகல் எடுத்து வைக்கும் பேக்கப் பெட்டி. செருப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். சர்வர் கெட்டாலும் அதிலிருந்து மீட்டுவிடலாம். ஊரில் எல்லோரும் ஆயுத பூசையன்று லாரிக்கும் ஸ்பேனருக்கும் ஒரு நாள் ஓய்வு கொடுப்பார்கள். இவர் போன வருடம் நவராத்திரி முதல் நாளே பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிச் சாமி மேடையில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, மல்லிகைச் சரமும் போட்டுவிட்டார்.

"பாஸ், ஆயுத பூசைக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு லா. அன்னிக்கு ஒரு நாள் வச்சா பத்தாதா?"

"ஒம்பது நாளும் சரஸ்வதி காலடியில இருந்தா யாவாரம் பெருகும். சாமிகிட்ட வச்சத விஜயதசமிக்கு முன்னாடி தொடக்கூடாது. ஒனக்கு என்னா தெரியும்?"

ஏழாம் நாள் காலை வெளிநாட்டுச் சர்வரின் டிஸ்க் செத்தது. பெட்டியை இறக்கிப் பார்த்தால், நவராத்திரிக்கு முந்தைய நகல்தான் இருந்தது. அறுநூறு பேரில் பாதிப் பேர் கவனிக்கக்கூட இல்லை. மாட்டிக்கொண்டது பகாவ் நீலாவதி அக்கா. புருஷன் இல்லாதவர், தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் தளத்தின் வழியாக விற்றுத்தான் மகளைப் படிக்க வைக்கிறார். அந்த ஆறு நாளில் வந்த இருநூற்றுச் சொச்சம் ஆர்டர்களும் போயின. யார், என்ன கேட்டார்கள், எந்த முகவரி, ஒன்றும் இல்லை. அவருடைய மின்னஞ்சலும் அதே சர்வரில்தான்.

"குமுதா, ஆர்டர் ஒன்னையும் காணோம்மா," என்றார் போனில். "காசு பேங்க்ல வந்துருச்சி. பலகாரம் போகலன்னா ஏமாத்துக்காரின்னு ஃபேஸ்புக்ல போட்டு நாறடிச்சிருவாங்க. அடுத்த வருசம் எவன் எங்கிட்ட வாங்குவான்?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு தர்மராஜைப் பார்த்தேன்.

"ஹேக்கர் பூந்துட்டான்னு சொல்லு. நீங்க பாஸ்வேர்டு லேசா வச்சதாலதான்னு சொல்லு. பெட்டியப் பத்தி மூச்சு விட்ட, நாளைக்கு வேலைக்கு வராத."

நெற்றியில் பூசின திருநீறு இன்னும் காயவில்லை. தூ!

ஆனால் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அக்கா, "என் தப்புதாம்மா. மக பேரையே பாஸ்வேர்டா வச்சிருந்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளுக்கு எதுக்கு இந்த வேல," என்று அழுதார்.

தன் கவனக்குறைவுதான் என்று ஊரறிய மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் விவரம் அனுப்பச் சொல்லி ஃபேஸ்புக்கில் எழுதினார். சிலர் அனுப்பினார்கள். பலர் காசைத் திருப்பிக் கேட்டார்கள், அசிங்க அசிங்கமாகத் திட்டினார்கள்.

தீபாவளி முடிந்த வாரம் அவரே கூப்பிட்டார். ஹேக்கர் நுழையாமல் காக்கவென்று மாதம் எண்பது வெள்ளிக்கு நாங்கள் விற்கும் பாதுகாப்புப் பேக்கேஜ் வேண்டுமாம்.

"ஒங்க பாஸ நான் பாத்ததுகூட இல்ல. ஒன்ன நம்பித்தான் எடுக்குறேன், குமுதா."

நான்தான் பதிந்தேன். அந்த மாதச் சம்பளத்தில் அதற்கான கமிஷன் நாற்பது வெள்ளி சேர்ந்து வந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.