அங்கிக்குள்ளே நாடாக்காரியின் தையல்

கடைத்தெருவில் அவளை எல்லோரும் நாடாக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் தையல் மாஸ்டர். பாதிரியார்களுக்குக் கழுத்திலிருந்து கணுக்கால் வரை நீளும் அங்கி தைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த அங்கிக்குள்ளே போடுகிற கைவைத்த பனியனும், முழங்காலைத் தாண்டி வரும் நாடா வைத்த கால்சட்டையும் இவள் பங்கு. மாஸ்டர் தைத்ததைத் தெருவே அண்ணாந்து பார்க்கும். இவள் தைத்தது பழுப்புக் காகிதப் பொட்டலமாகச் சத்தமில்லாமல் போய்ச் சேரும்.

அதற்காக ஏனோதானோ என்று தைக்க அவளுக்கு மனசு வராது. மணிக்கணக்கில் நிற்கிறவர்கள், மண்டி போடுகிறவர்கள், தொடை உரசிப் புண்ணாகிவிடக் கூடாதென்று கவட்டில் தனியாக ஒரு சதுரத் துண்டு வைப்பாள். துணியைத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் கத்தரி வைப்பாள்.

அடுத்த தெருவில் வாக்கப்பட்டிருந்த நாத்தனாருக்கு மட்டும் இது பிடிக்காது.

"அண்ணி, நீங்க என்ன தைக்கிறீங்கன்னு யாராவது கேட்டா எனக்குச் சொல்லவே கூச்சமா இருக்கு."

"போடுறவங்க கூச்சப்படாம இருக்கணும்னுதான்டி நான் தைக்கிறேன்."

புதிதாக வந்த இளம் பாதிரியார்கூட முதலில் சிரித்தார். "உள்ள போடுறத யாரும்மா பாக்கப் போறாங்க? கடையில விக்கிறதே போதும்."

"பாக்கிறவங்களுக்காகவா போடுறோம், ஃபாதர்? நாளெல்லாம் அதுக்குள்ள இருக்கப்போறது நீங்கதானே?"

அவர் கையை விரித்து நின்று அளவு கொடுத்தார்.

ஒரு நாள் அங்கியின் பட்டன் அறுந்ததென்று அவர் கடைக்கு வந்திருந்தார். எதிரே கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தில் சாரம் மடமடவென்று சரிந்தது. கொத்தனார் ஒருவர் கீழே கிடந்தார், கால் மடங்கி. தெருவில் மணல் லாரி குறுக்கே நின்றதால் ஆம்புலன்ஸ் தெருமுனையைத் தாண்டி வரமுடியவில்லை.

பாதிரியார் ஓடினார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அங்கியைக் கழற்றி, மீதிப் பட்டன்களைப் பூட்டி, இரண்டு சாரக்கம்புகளை அங்கியின் கைகள் வழியாக உள்ளே நுழைத்தார். கொத்தனாரைக் கிடத்த அங்கி தூக்குப்படுக்கை ஆனது.

"ஐயோ, என் அங்கி!" என்று தலையில் கைவைத்த மாஸ்டர், அடுத்த மூச்சில் ஓடிப்போய்க் கம்பின் ஒரு முனையைப் பிடித்தார்.

வெள்ளைப் பனியனும் வெள்ளைக் கால்சட்டையுமாகப் பாதிரியார் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸை நோக்கி நடந்தார். கடைத்தெரு முழுக்க வழிவிட்டது. வழியில் தோண்டியிருந்த பள்ளத்தை அவர் எட்டித் தாண்டியபோது நாடாக்காரியின் கண் கால்சட்டைத் தையலிலேயே இருந்தது. தையல் பிரியவில்லை. நாடா அசையவில்லை. அத்தனை பேர் நடுவில் அவர் ஒருதரம்கூடத் தன் உடம்பைக் குனிந்து பார்க்கவில்லை. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"உள்ளேயும் மனுஷன் எவ்வளவு நேர்த்தியா இருக்காரு பாரு!" என்றார் பழக்கடைக்காரர்.

"பின்னே? எங்க அண்ணி தைச்சதாக்கும்!"

கூட்டத்துக்குள்ளிருந்து தொண்டை கிழியக் கத்தியது நாத்தனார்தான். நாடாக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் நிமிர்ந்து நின்றாள்.

கொத்தனார் பிழைத்துக்கொண்டார். மாஸ்டர் புது அங்கி ஒன்றைத் தைத்து, காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்துக் கொடுத்தார். சில நாள் கழித்துக் கொத்தனாரின் மனைவி கடைக்கு வந்தாள்.

"அக்கா, இடுப்பு வரைக்கும் கட்டு போட்டிருக்காங்க. அந்தக் காலை எதுக்குள்ளயும் நுழைக்க முடியல. ஆஸ்பத்திரியில நாலு பேர் வந்து போற இடம், அவரு போர்வையைப் பிடிச்சுக்கிட்டே படுத்திருக்காரு. ஏதாவது செய்ய முடியுமா?"

நாடாக்காரி அளவு நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு அவளோடு கிளம்பினாள். கால்சட்டையை ஒரு பக்கம் முழுக்கத் திறந்து, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நாடாவால் முடிச்சுப் போடுகிற மாதிரி தைக்கலாம் என்று வழியிலேயே கணக்குப் போட்டாள்.

கட்டிலில் கொத்தனார் வெட்கத்தில் நெளிந்தார்.

"காலைக் காட்டு தம்பி," என்றாள். "பாதிரியாருக்கே தைச்சுக் கொடுத்த கை இது!"