விறகு காப்பிக்கொட்டை இல்லை

1. பொடியாய்ப் போன லோடு

முதல் லோடு இறங்கிய அன்றே அடிவாரத்து ஜவ்வரிசி ஆலைக்காரர் போனில் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, விறகு கேட்டா கரித்தூளு அனுப்பியிருக்கீங்க! பாய்லர்ல போட்டா பாதி கம்பிச் சந்துல கொட்டிப்போவுது. ஸ்டீம் நிக்கவே மாட்டேங்குது. இன்னொரு லோடு பாப்பேன். அதுவும் இப்படின்னா எனக்குப் பச்சை விறகே போதுமுங்க."

எங்களுக்கு இருந்தது அந்த ஒரே ஆர்டர். அதுவும் போனால் மலைமேல் வாழவந்தி நாட்டில் போட்ட பிளான்டை மூடவேண்டியதுதான். நான் அங்கே ஃபோர்மேன். மிளகுக்கொடி ஏறும் சில்வர் ஓக் மரங்களை மழைக்கு முன்னால் கவாத்து செய்வார்கள். அந்தக் கிளைகளைச் சில்லாக வெட்டி, காற்றுப் புகாத டிரம்மில் வறுத்துக் கொடுப்போம். ஈரம் போய், கிலோவுக்குக் கிடைக்கும் சூடு கூடும்.

முதலாளி கந்தசாமி காப்பித் தோட்டக்காரர், கொட்டையைக் கருக வறுத்துப் பழகியவர். டிரம்மை முந்நூற்றுப் பத்து டிகிரிக்கு ஏற்றச் சொன்னது அவர்தான். நான் வேண்டாம் என்றேன். "கறுத்தாத்தானே சாமி வீரியம்!" என்றார். நல்ல மனிதர், ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

2. மூன்று வறுவல்

ஆலைக்காரர் போன் வந்த பிறகும் கந்தசாமி இறங்கி வரவில்லை. "சூடு பத்தலையோ என்னமோ, இன்னும் ஏத்துவோம்" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"கிலோவுக்கு வீரியம் கூடுது, வாஸ்தவமுங்க. மிச்சம் எத்தனை கிலோ? டிரம்முல போட்டதுல பாதிக்கு மேல ஆவியா போயிருச்சே, அதுவும் எரியற சரக்குதானுங்க! மிச்சமும் கொண்டை ஊசி வளைவுல குலுங்கியே பொடியாயிருச்சு."

பேச்சை விட்டுவிட்டு ஒரே எடைச் சில்லை மூன்று சூட்டில் வறுத்தேன். ஒவ்வொன்றிலும் மிஞ்சியதை அவர் வீட்டு நெல் அவிக்கும் அடுப்பிலேயே எரித்தோம். இருநூற்று இருபதில் வறுத்தது பச்சை விறகின் தம்பி, புகைந்துகொண்டே எரிந்தது. முந்நூற்றுப் பத்து தகதகவென்று எரிந்து, அண்டாத் தண்ணீர் கொதிக்குமுன் தீர்ந்துபோனது. இருநூற்று எழுபதில் வறுத்தது புகையில்லாமல் நின்று எரிந்தது, தண்ணீரும் தளதளவென்று கொதித்தது. கையில் ஒடித்தால் படக்கென்று ஒடிந்ததே தவிரப் பொடியாகவில்லை.

கந்தசாமி அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுபதுலயே போடுங்க" என்றார் கடைசியில்.

3. முள் அசையவில்லை

இரண்டாவது லோடோடு நாங்கள் இருவருமே மலை இறங்கினோம். ஆலைக்காரர் பாய்லர் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பிரஷர் முள் ஏறியது, நின்றது, ஷிஃப்ட் முடியும்வரை இறங்கவே இல்லை.

"என்ன மாயம் பண்ணுனீங்க?" என்றார் ஆலைக்காரர்.

"சூட்டைக் குறைச்சோமுங்க!" என்று எனக்கு முந்திக்கொண்டு கத்தினார் கந்தசாமி.

"அப்ப தெனமும் ஒரு லோடு எறக்கிருங்க."

என் சர்வீஸில் அத்தனை சந்தோஷமாக நான் மலையேறியதில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சூடு ஏற ஏறச் சரக்கு உசத்தி என்று எவர் சொன்னாலும், டிரம்மைத் திறந்து மிச்சம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள்.