மாமியாருக்குப் பிடித்துப்போன ஆல்பம்

‘இடி’ என்ற பெயரை மாமியார் முதன்முதலில் கேட்டபோது, யாருடைய கால்சட்டைக்கோ இடுப்புப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். மகள் கதவில் சாய்ந்துகொண்டு, “அண்ணன் குரூப்ல டிரம்ஸ் அடிக்கிற இடியைத்தாம்மா கட்டிக்கப்போறேன்” என்றாள். தையல் மிஷின் பாதித் தையலில் நின்றுவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் என்ன என்று கேட்டால், மகளுக்கே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. பிறகு சொந்தபந்த விசாரணை தொடங்கியது. அப்பா கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். தாய்மாமன் லாரி ஓட்டுகிறவர், ஒரு காது மந்தம். சித்தி ஒருத்தி வாய் திறந்தால் மூடமாட்டாள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்த மாமியார், கடிகாரக்காரர் பிள்ளை நேரத்துக்காவது வீடு வந்து சேர்வார் என்று சம்மதித்தார். கல்யாணத்தன்று மாப்பிள்ளைதான் கடைசியாக வந்தார்.

ஆள் ஒல்லி. பேச்சு அதைவிட ஒல்லி. கை மட்டும் சும்மா இருக்காது. சாப்பாட்டு மேசை, தண்ணீர்க் குழாய், கார் ஸ்டியரிங், பேருந்தில் முன்னால் இருப்பவரின் சீட்டு என்று எதுவும் தப்பாது. அவர் வந்து கதவைத் தட்டினால் யாரென்று அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

குழுவுக்குப் பாடகன், தலைவன், சர்வாதிகாரி எல்லாம் மாமியாரின் மூத்த மகன். ஒரு ஆல்பம் மாதிரி இன்னொரு ஆல்பம் இருந்துவிடக் கூடாது என்பது அவன் பிடிவாதம். “அதையே திருப்பிப் போடறதுக்கு நாம எதுக்கு? பழசையே கேட்டுக்கட்டும்” என்பான். ஒவ்வொரு ஆல்பத்துக்கும் பழைய ரசிகர்கள் திட்டிவிட்டுப் போவார்கள், புதியவர்கள் வருவார்கள், அடுத்ததில் அவர்களும் திட்டிவிட்டுப் போவார்கள். பாட்டு மாறினால் மற்றவர்களுக்குச் சட்டை மாறும், தலைமுடி மாறும். இடிக்கு நடையுடை பாவனையே மாறும்.

முதல் ஆல்பம் முழுக்க இரைச்சல். அந்தக் காலத்தில் வீட்டுக் கதவு கீலோடு கையில் வந்தது. மருமகன் கேரட் நறுக்கினால் துண்டு சுவரில் போய் ஒட்டும். இரண்டாவது சோகப் பாட்டுகள். டிரம்மை பிரஷ்ஷால் தடவிக் கொடுப்பதுதான் வேலை. மருமகன் காலுறை போட்டுக்கொண்டு பூனை மாதிரி நடந்தார். பின்னால் வந்து நின்றது தெரியாமல், மாமியார் பதறி விரலில் ஊசியை ஏற்றிக்கொண்டார். மூன்றாவதில் ஏழு ஏழாக எண்ணுகிற கோணல் தாளம். மாடிப்படியையும் ஏழு ஏழாக எண்ணித்தான் ஏறினார். படிகளோ ஏழில் அடங்கவில்லை. “கட்டினவனுக்குத் தாளமே தெரியல அத்தை” என்று முழங்காலைத் தடவிக்கொண்டே கொத்தனார் மேல் பழி போட்டார்.

நாலாவதுக்கு மகன் கம்ப்யூட்டரோடு அறைக்குள் அடைந்தான். வெளியே வந்ததும் சொன்னான்: “மாப்ள, இந்தத் தடவ டிரம்ஸே கிடையாது. காத்து மாதிரி இருக்கப்போகுது. நீ கொஞ்சம் ரெஸ்ட் எடு.”

இடி சண்டை போடவில்லை. முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் இல்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசையில் சத்தமில்லை, குழாயில் சத்தமில்லை. அந்த அமைதியைக் கேட்டு மாமியார் இரண்டு தடவை மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். மகளும் வந்து கண்ணைக் கசக்கினாள். “இப்படியே விட்டா குரூப்பை விட்டுட்டுப் போயிடுவாரும்மா. வாட்ச் கடையில உக்காந்துக்கறேன்னு அவங்கப்பாகிட்ட சொல்லியாச்சு.” அந்தக் கை கைக்கடிகாரத்தைத் திறந்தால் என்னவாகும் என்று மாமியார் நினைத்துப் பார்த்தார். சம்பந்தி பாவம்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஆல்பம் வெளியே போகும் முன் முதலில் கேட்பது மாமியார்தான். மகன் மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்துவிட்டு, அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அவர் முகம் சுளித்தால் அவனுக்கு ஆனந்தம். “நல்லாருக்குடா” என்றால் அந்தப் பாட்டு குப்பைக்குத்தான். அம்மாவுக்கே பிடிக்கிறதென்றால் அது அரதப் பழசு என்பது அவன் கணக்கு. இதுவரை அவர் சுளித்ததெல்லாம் நிஜச் சுளிப்பு.

நாலாவதையும் கொண்டுவந்து போட்டான். காற்று ஊளையிட்டது. எங்கோ ஒரு ஃபிரிட்ஜ் உறுமியது. நடுவில் மகன் ஜுரம் கண்டவன் மாதிரி முனகினான். சுளிக்கப் பார்த்த முகத்தை மாமியார் பாடுபட்டு அடக்கிக்கொண்டார். மிஷினை நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்தார்.

“என்ன சுகமா இருக்குடா. தலைவலி போன இடம் தெரியல.”

மகன் முகம் வெளுத்தது. “சும்மா சொல்லாதம்மா.”

“சும்மா எதுக்குச் சொல்றேன்? உங்க பெரியம்மாவுக்கும் ஒண்ணு அனுப்பு. பல்லு பிடுங்கப் போறா, கேட்டுக்கிட்டே வாயைத் திறந்துக்கிட்டு இருப்பா.”

பெரியம்மா என்ற ஒரு வார்த்தையே போதுமாயிருந்தது. பாட்டு முடியுமுன்பே அவன் ஸ்பீக்கரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். அடுத்த அறையில் மகள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் மாடியிலிருந்து குரல் கேட்டது: “மாப்ள, டிரம்ஸை இறக்கு. கிட்டார் வேணாம், கம்ப்யூட்டர் வேணாம். முழுக்க டிரம்ஸ். இதுவரைக்கும் எவனும் பண்ணாதது.”

அதில் முதல் பாட்டைப் போட்டுக்காட்டியபோது மாமியார் பட்ட பாடு கொஞ்சமல்ல. மழை கூரையில் ஓடுவதுபோல் அந்தக் கைகள் ஓடின. மிஷின் மிதியில் இருந்த கால் தானாக ஆடப் பார்த்தது. கடுக்காயைக் கடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “இதெல்லாம் ஒரு பாட்டாடா” என்றார். மகன் சந்தோஷமாகக் குதித்துக்கொண்டு இறங்கி ஓடினான்.

இடி இப்போது அந்த வீட்டுக் கராஜில் இருக்கிறார், காலையிலிருந்து சாயங்காலம்வரை. மாமியார் சாப்பாடு கொண்டுபோனால் குச்சிகளைக் கீழே வைக்கிறார். எழுந்து நின்று, வியர்வைத் துண்டை உதறி, தன் முக்காலியை நன்றாகத் துடைத்து, அவர் பக்கம் நகர்த்திவைக்கிறார்.