மாத்தளை பஸ்ஸில் ஒரு லத்தீன் வால்

கண்டியிலிருந்து கிளம்பிய மாத்தளை பஸ்ஸில் மூச்சுவிடக்கூட இடமில்லை. கொண்டக்டரோ "பின்னுக்குப் போங்க, எடம் இருக்கு" என்று கத்திக்கொண்டே, வழியில் கைகாட்டுகிற எல்லோரையும் ஏற்றுகிறார்.

"இன்னும் எத்தினை பேரைத்தான் ஏத்தப் போறியள்?" என்று சீறுகிறேன். அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

வாசலோரச் சீட்டில் இருக்கும் முஸ்லிம் அம்மா, நிற்பவரின் பையை இருப்பவர் வாங்கிக்கொள்ளும் இங்குள்ள வழக்கப்படி, என்னுடைய பையை வாங்கித் தன் மடியில் வைத்திருக்கிறார். கோபத்தை அவரிடம் கொட்டுகிறேன்.

"பஸ் எண்டது முழுச் சொல்லே இல்லை அம்மா. ஒம்னிபஸ் எண்ட லத்தீன் சொல்லின்ர வால். 'எல்லாருக்கும்' எண்டு அர்த்தம். அதுக்காக ஊர் முழுக்க ஒரே பஸ்ஸிலயோ?"

"சரியாத்தானே பேர் வெச்சிருக்காங்க மகன். எல்லாருந்தானே ஊட்டுக்குப் போகணும்."

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ் நிற்கிறது. இறங்குகிறவர்களுக்கு வழிவிட நானும் கீழே இறங்குகிறேன். அதற்குள் காத்திருந்த கூட்டம் முண்டியடித்து ஏறிவிட, பஸ் நகர்கிறது. என் பை உள்ளே!

"நிப்பாட்டுங்கோ!" என்று பின்னால் ஓடுகிறேன். அந்த அம்மா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி பஸ்ஸின் தகரத்தில் தட்டுகிறார். "ஒரு ஆள் வருது, நிப்பாட்டுங்க!"

பஸ் நிற்கிறது. மூச்சிரைக்க மிதிபலகையில் ஒரு காலை வைக்கிறேன். சற்றுமுன் நான் நின்ற இடத்தில் இப்போது நிற்கிற மனிதர் கொண்டக்டரைப் பார்த்துச் சீறுகிறார்.

"இன்னும் எத்தன பேரத்தான் ஏத்தப் போறீங்க?"