சாமியறை நூல் கட்டிய கதிர்கள்

நெல்மணிக்குள் மா நிறையும்போது, அந்த மாவைச் சுமக்கிற உயிர்க்கலங்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன. நோயாலல்ல, வெயிலாலுமல்ல. சாக வேண்டிய நேரத்தைத் தமக்குள்ளேயே வைத்திருந்து, அது வந்ததும் செத்துவிடுகின்றன. செத்தபிறகும் கரைந்துபோகாமல் மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கும். முளையும், மாவைச் சுற்றியிருக்கிற மெல்லிய படையும் மட்டும் உயிரோடிருக்கும். இந்தச் சாவு மணியின் எந்த இடத்தில் தொடங்கி எப்படிப் பரவுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. "செத்தவீட்டுக்காரி வாறா" என்றுதான் அண்ணை என்னை வரவேற்பார்.

இதற்குப் பூத்த நாள் தெரிந்த கதிர்கள் வேண்டும். அதனால் தீவிலிருக்கிற எங்கள் ஊரான சுருவிலில், அண்ணையின் வயலில், ஒரே நாளில் பூத்த கதிர்களாகப் பார்த்து அடையாள நூல் கட்டினேன். பாலாக இருந்தபோது சிலவற்றை வெட்டினேன், பால் இறுகியபோது சிலவற்றை. வெட்டியதும் மருந்துத் தண்ணீர்ப் போத்தலில் போட்டு ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்ச் சாயமேற்றினால், செத்த கலங்கள் நீலமாகத் தெரியும். இனி முற்றிய கட்டம் மட்டும்தான் மிச்சம். அது இல்லாவிட்டால் முன்னால் செய்தது எல்லாம் வீண். எங்கள் வயலோ மழையை நம்பி வருஷத்துக்கு ஒருமுறை விளைகிற வயல்.

அடுத்த நாள் போய் வெட்டுவதாக இருந்தேன். இருப்புக்கொள்ளாமல் விடுமுறை நாளிலும் ஆய்வுகூடத்தில் போத்தல்களைக் கழுவிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அண்ணையின் அழைப்பு வந்தது.

"இண்டைக்குத் தைப்பூசம் எல்லே, புதிர் எடுத்தாச்சு. நீ நூல் கட்டின கதிருகளைத்தான் உன்ரை மச்சாள் தேடித்தேடி வெட்டினவ. நல்ல வடிவு!"

புதிர் என்றால், விளைந்த வயலில் முதல் கதிர்களை அறுத்து, சாமிக்கு வைத்து, அந்த அரிசியைச் சோற்றில் சேர்த்து வீட்டார் எல்லோரும் உண்பது.

"ஐயோ அண்ணை! குத்திப்போடாதேங்கோ! நான் உடனே வாறன்!"

அதற்குள் அவர் வைத்துவிட்டார். திரும்ப எடுத்தேன். எடுத்துக்கொண்டேயிருந்தேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. காலையில் வெட்டிய கதிர்தானே, உமி நீக்கக் குத்தி முளையை உடைக்குமுன் போய்ச் சேர்ந்தால் போதும் என்று போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

அந்த பஸ்ஸைப் போல ஒரு சனியனை நான் கண்டதில்லை. மண்டைதீவுச் சந்தியில் நிறுத்திவிட்டுச் சாரதி யாரோடோ கதைக்கத் தொடங்கினார். நான் இருக்கையிலிருந்து எழும்பினேன், இருந்தேன், மறுபடி எழும்பினேன்.

"அண்ணை, எடுங்கோவன் பஸ்ஸை!"

"அவ்வளவு அவசரமெண்டால் கடலுக்குள்ளால நடந்து போம் தங்கச்சி" என்றார் நடத்துநர். பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்கு அழுகைதான் வந்தது.

அண்ணை வீட்டுப் படலையைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. முற்றத்தில் கோழிகள் உமியைக் கிளறிக்கொண்டு நின்றன. குசினியில் சோறு கொதித்தது. சாமிப்படத்துக்கு முன்னால் என் சிவப்பு நூல்கள் மட்டும் ஒழுங்காகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தன.

"ஒரு கதிராவது மிச்சமில்லையோ மச்சாள்?" என்று அண்ணையின் மனைவியிடம் கேட்டேன்.

"எல்லாம் குத்திப் பானைக்குள்ள போட்டாச்சு. ஏன், வயலிலை நிறையக் கிடக்குதே?"

"அதெல்லாம் எப்ப பூத்ததெண்டு ஆருக்குத் தெரியும்? நூல் கட்டினதை ஏன் வெட்டினனீங்கள்?" கத்தியே விட்டேன்.

"சாமியறை நூலெல்லே அது! நீர் ஏதோ நேர்த்திக்குக் கட்டினனீர் எண்டு நினைச்சன். சாமிக்கில்லாமல் வேற ஆருக்குக் கட்டுறது?"

கதிர் பூத்த அன்றைக்கு வயலுக்குப் போகிற பதற்றத்தில் சாமியறையில் கைக்கு அகப்பட்ட நூலை எடுத்துக்கொண்டு ஓடியது நான்தான். பிறகு ஆற்றாமையில் எல்லாவற்றையும் கொட்டினேன்: செத்த கலம், உயிருள்ள முளை, வீணாய்ப்போன ஒரு வருஷம். மச்சாள் அகப்பையும் கையுமாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"அப்ப நாங்கள் இவ்வளவு காலமும் தின்னுறது பிணமோ?"

அண்ணை வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போத்தலைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

"சரி, இரும். உமக்காகத்தான் இவரையும் சாப்பிட விடாமல் வைச்சிருக்கிறன். நீர் வராமல் புதிர் சாப்பிட ஏலுமோ? ஃபோனையும் எங்கயோ வைச்சிட்டார் மனுசன்."

முதல் சோற்றுக்கோப்பை எனக்கு வந்தது. பழைய அரிசியோடு கலந்து வெந்த என் கடைசிக் கட்டம், நெய்யும் பருப்பும் விட்டு. எந்த மணி என்னுடையது என்று விரலால் கிளறிப் பார்த்தேன். தெரியவில்லை. கண்ணீரோடு ஒரு வாய் வைத்தேன். நல்ல ருசியாக இருந்தது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கோபமாக இருந்தது.

"அடுத்த மாரிக்கும் நான் வருவன். பச்சை நூலோட வருவன்" என்றேன், வாயில் சோற்றோடு.

"வாரும். பச்சையை நான் தொடமாட்டன்" என்றார் மச்சாள். "இன்னும் கொஞ்சம் போடவோ?"

"போடுங்கோ" என்றேன்.